"கம்பியூட்டர் அப்படித்தான் சொல்லுது!"



சென்ற மாதம் ஓர் அலுவலாக ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான உம்மா நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன கடதாசிகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசை மீது வைத்தார். மேசைக்கு அப்பால் இருந்த தம்பி நல்ல பிள்ளை. முகம் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கணனித் திரையைத் திருப்பியும் காட்டினார்.

"பாருங்க உம்மா, இதில உங்கட பேர் இல்லை. நாங்க என்ன செய்யிற?"

"அப்ப இத யாருட்ட கேக்கிற மகன்?"

"அது தெரியா உம்மா. கம்பியூட்டர் அப்படித்தான் சொல்லுது."

அந்த உம்மா கடதாசிகளைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய அலுவல் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால், "யாருட்ட கேக்கிற மகன்?" என்ற அந்தக் கேள்வி வீடுவரை என்னோடு கூடவே வந்தது. இம்மாதம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முன்பெல்லாம் கந்தோரில் ஓர் அநியாயம் நடந்தால் அதற்கு ஒரு முகம் இருந்தது. கோப்பை அமுக்கி வைத்திருக்கும் லிகிதர் யார், கையை நீட்டுபவர் யார் என்று ஊருக்கே தெரியும். மேலதிகாரியிடம் முறையிடலாம், ஒன்றும் முடியாவிட்டால் வாசலில் நின்று சத்தம் போடவாவது செய்யலாம். இப்போது உலகம் முழுவதும் அரசாங்கங்கள் தமது தீர்மானங்களைக் கணனியிடம், அதிலும் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கத் தொடங்கியுள்ளன. யாருக்கு உதவிப்பணம், யாருக்கு வரிச்சலுகை, யாரைச் சந்தேகிப்பது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

செயற்கை நுண்ணறிவு என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆயிரக்கணக்கான பழைய கோப்புகளைக் காட்டி, 'இது சரி, இது பிழை' என்று கணனியைப் பழக்குகிறார்கள். பழகிய பின்னர் புதிய கோப்பைக் கண்டால் அது தானாகவே மதிப்பிடும். உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று சமைக்கப் பழகும் மகளைப் போலத்தான். உம்மா உப்பைக் கூட்டிப் போடுபவராக இருந்தால், மகளின் கறியிலும் உப்புக் கூடத்தான் செய்யும்.

இலஞ்சம் வாங்காத அமைச்சர்

2025 செப்டம்பரில் ஐரோப்பாவின் அல்பேனியா நாட்டிலிருந்து ஒரு புதுமையான செய்தி வந்தது. அந்நாட்டுப் பிரதமர் எடி ராமா தமது அமைச்சரவைக்கு 'டியெல்லா' என்றொரு கணனி அமைச்சரை அறிவித்தார். டியெல்லா என்றால் சூரியன் என்று பொருள். திரையில் பார்த்தால் அந்நாட்டின் பாரம்பரிய உடை அணிந்த ஓர் இளம் பெண். உண்மையில் அது ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அரசாங்க டெண்டர்களை இனி அது பார்த்துக்கொள்ளும், இலஞ்சத்துக்கு இடமே இருக்காது என்று சொல்லப்பட்டது.

கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. இயந்திரத்துக்கு வீடு கட்டத் தேவையில்லை, மகளுக்குச் சீதனம் சேர்க்கத் தேவையில்லை; அது ஏன் இலஞ்சம் வாங்கப் போகிறது? ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள், அந்த மென்பொருளை உருவாக்கிய அரச நிறுவனத்தின் உயர் அதிகாரிகளே டெண்டர் முறைகேடு என்ற சந்தேகத்தின் பேரில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படும்வரை யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது. என்றாலும் ஒன்று விளங்குகிறது. இயந்திரம் கை நீட்டாது என்பது உண்மையாக இருக்கலாம். அதைச் செய்தவருக்கும், வாங்கியவருக்கும், அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவருக்கும் கை இருக்கிறது.

இனி, பிள்ளைகள் உள்ள குடும்பங்களை நேராகத் தாக்கிய ஒரு சம்பவத்துக்கு வருவோம்.

ஒல்லாந்தர் நாட்டில் நடந்தது

ஒல்லாந்தரை நாம் அறிவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நமது கரையோரங்களை ஆண்டவர்கள். காணி, குடும்பம் எல்லாவற்றையும் தோம்பு எழுதி வைத்தவர்கள். பதிவேடு என்றால் அவர்கள்தான் என்று பெயரெடுத்தவர்கள். அவர்களுடைய நெதர்லாந்தில்தான் இது நடந்தது.

அங்கே வேலைக்குப் போகும் தாய் தகப்பன், பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால், அந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். வரித் திணைக்களம்தான் அந்தக் கொடுப்பனவைப் பார்த்துக்கொண்டது. நல்ல திட்டம். 2013ஆம் ஆண்டளவில், வெளிநாட்டிலிருந்து வந்த சிலர் கொடுப்பனவுகளை மோசடி செய்தது தெரியவந்து, பத்திரிகைகளும் பாராளுமன்றமும் கொதித்தெழுந்தன. "கள்ளரைப் பிடியுங்கள்" என்று எல்லாக் கட்சிகளும் சத்தமிட்டன. அரசாங்கமும் கடுமையாக இறங்கியது.

அந்தக் காலத்தில்தான் அந்தத் திணைக்களம், தானாகவே பழகிக்கொள்ளும் ஒரு கணனி முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அது ஒரு 'ஆபத்துப் புள்ளி' போட்டது. புள்ளி கூடியவர்களின் கோப்பு ஓர் உத்தியோகத்தரின் மேசைக்குப் போகும். ஏன் இவருக்குப் புள்ளி கூடியது என்ற விபரம் அந்த உத்தியோகத்தருக்கே தெரியாது. கணனி சந்தேகப்படுகிறது, ஆகவே இவரும் சந்தேகப்படுவார்.

புள்ளி போடுவதற்குக் கணனி பார்த்த விடயங்களில் ஒன்று, விண்ணப்பதாரர் நெதர்லாந்துப் பிரஜையா இல்லையா என்பது. குறைந்த வருமானமும் புள்ளியைக் கூட்டியது. ஏழையாய் இருப்பதும் வெளிநாட்டவராய் இருப்பதும் சந்தேகத்துக்குக் காரணமாயின. துருக்கி, மொரோக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், கணவன் துணையின்றிப் பிள்ளை வளர்த்த தாய்மாரும் பாதிக்கப்பட்டவர்களில் அதிகம். வருமான வரிப் பிரிவில் பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுத்திருப்பதுகூடச் சந்தேகப் பார்வைக்குக் காரணமானது என்று 2022இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அவ்வாண்டு மே மாதம் அந்நாட்டு அரசாங்கமே வரித் திணைக்களத்தில் நிறுவனமயமான இனவாதம் இருந்ததாக ஒப்புக்கொண்டது.

சந்தேகத்தில் சிக்கியவருக்கு என்ன நடந்தது? ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தால், தாம் கட்டவேண்டிய சிறு பங்கில் கொஞ்சம் குறைந்திருந்தால், அந்த ஆண்டில் பெற்ற முழுத் தொகையையும் திருப்பித் தா என்று கடிதம் வரும். பத்தாயிரக்கணக்கான யூரோ! தவணை முறையில் கட்டுகிறேன் என்றால், "நீ வேண்டுமென்றே செய்தவள்" என்று ஒரு முத்திரை. முத்திரை விழுந்தவருக்குத் தவணை கிடையாது. சம்பளத்தில் வெட்டினார்கள். வேறு கொடுப்பனவுகளையும் நிறுத்தினார்கள். வீடு போனது, வேலை போனது, குடும்பங்கள் பிரிந்தன. இப்படிப் பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரச பராமரிப்புக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களமே பின்னர் கணக்குக் காட்டியது. பிள்ளையை நல்லபடி பார்க்கவென்று கொடுத்த காசின் பெயரால் நடந்த காரியம் இது.

கேட்டவர்கள் யார்?

தாய்மார் கேட்டார்கள். கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். "உங்கள் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது" என்பதே பதில். நீதிமன்றமும் வெகு காலம் திணைக்களத்தின் பக்கமே நின்றது. நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 ஒக்டோபரில்தான் தன் போக்கை மாற்றிக்கொண்டது.

ஈவா கொன்சாலெஸ் பெரெஸ் என்ற பெண் சட்டத்தரணிக்கு 2014இல் சந்தேகம் வந்தது. அவருடைய கணவர் நடத்திய பிள்ளைப் பராமரிப்பு முகவர் நிலையத்தோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான பெற்றோரின் கொடுப்பனவு ஒரே மூச்சில் நிறுத்தப்பட்டிருந்தது. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் கள்ளராக இருக்க முடியுமா? அவர் விடாமல் வழக்காடினார். 2017 ஓகஸ்ட்டில் அந்நாட்டு ஒம்புட்ஸ்மன், 232 குடும்பங்களுக்கு அநீதி நடந்திருப்பதாக அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு, திணைக்களத்துக்குள்ளேயே இருந்த சட்ட அதிகாரி சன்ட்ரா பால்மென், "நாம் செய்தது பிழை, இவர்களுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் குறிப்பு வெளிவராமல் கிடந்தது. 2020இல்தான் நாடு அதை அறிந்தது.

2019 டிசம்பரில் தாய்மார் தமது கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது, பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க அந்தத் தாய்க்கே அனுமதியில்லை.

பாராளுமன்ற விசாரணைக் குழு 2020 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த தலைப்பே 'முன்னொருபோதும் இல்லாத அநீதி' என்பதுதான். 2021 ஜனவரி 15ஆம் திகதி பிரதமர் மார்க் ருட்டேயின் அரசாங்கம் முழுவதும் இராஜினாமாச் செய்தது. பாதிக்கப்பட்ட பெற்றோர் சுமார் 26,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிறகு அது மேலும் கூடியது. ஒவ்வொருவருக்கும் 30,000 யூரோ நட்டஈடு என்று அறிவித்தார்கள். வரித் திணைக்களத்துக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. ஆனால், இதற்காக யாரும் நீதிமன்றக் கூண்டில் ஏறவில்லை. அடுத்த தேர்தலுக்குப் பின் அதே பிரதமர் மீண்டும் பிரதமரானார்.

இதில் ஊழல் எங்கே?

"இதில் யாரும் இலஞ்சம் வாங்கவில்லையே, இது தவறுதானே?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி.

ஊழல் என்றால் மேசைக்கடியில் கைமாறும் காசு மட்டுமல்ல. பதவி ஓர் அமானிதம். மக்களுக்காகக் கொடுக்கப்பட்ட அந்த அதிகாரத்தைத் தன் பெயரைக் காப்பாற்றவும், தன் கணக்கை நல்லாகக் காட்டவும், தன் பிழையை மறைக்கவும் பயன்படுத்துவதும் ஊழல்தான். கணனி தவறாகப் புள்ளி போட்டது ஒரு பிழை. அது பிழை என்று உள்ளேயிருந்த ஒருவர் எழுதிக் கொடுத்த பிறகும் அறவிட்டுக்கொண்டிருந்தது அமானிதத்துக்குச் செய்த மோசம். பக்கங்களுக்குக் கறுப்பு பூசியதும் அப்படியே.

பழைய ஊழலைவிட இது ஒரு வகையில் பொல்லாதது. இலஞ்சம் வாங்கும் லிகிதர் ஒரு நாளைக்கு எத்தனை பேரை அலைக்கழிக்க முடியும்? கணனி ஒரே இரவில் ஆயிரம் குடும்பங்களைத் தொடும். இலஞ்சம் வாங்கியவருக்கு உள்ளூரக் கொஞ்சமாவது அச்சம் இருக்கும். 'கணனிதான் சொன்னது' என்பவர் நிம்மதியாக நித்திரை கொள்வார்.

அவுஸ்திரேலியாவிலும் இது போன்ற ஒன்று நடந்தது. 'ரொபோடெப்ட்' என்று பெயர். அது செயற்கை நுண்ணறிவும் அல்ல, வெறும் கணக்கு. ஒருவரின் ஆண்டு வருமானத்தை எல்லாக் கிழமைகளுக்கும் சமமாகப் பிரித்து, "நீ கூட வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று இலட்சக்கணக்கானோருக்குக் கடிதம் அனுப்பினார்கள். கூலி வேலை செய்பவருக்கு எல்லாக் கிழமையும் ஒரே வருமானம் வருமா? சமையலறையில் இருக்கும் நமக்கே விளங்கும் விடயம். அது சட்டத்துக்கு முரணானது என்ற ஆலோசனை தொடக்கத்திலேயே கிடைத்திருந்தும் திட்டம் நடந்தது. 2023 ஜூலையில் வெளியான விசாரணை ஆணைக்குழு அறிக்கை அமைச்சர்களையும் உயர் அதிகாரிகளையும் கடுமையாகச் சாடியது. அந்த விசாரணையில், தம் மகன்மாரைப் பறிகொடுத்த தாய்மார் வந்து சாட்சி சொன்னார்கள்.

நமது வாசலில்

நமது நாட்டில் 2023இல் தொடங்கிய 'அஸ்வெசும' திட்டத்தை எல்லோரும் அறிவீர்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று பிரித்து, 22 அளவுகோல்களால் புள்ளி போட்டுத்தான் பயனாளிகளைத் தெரிவு செய்தார்கள். இதுவும் செயற்கை நுண்ணறிவு அல்ல. எழுதி வைத்த ஒரு கணக்கு. அளவுகோலை வெளியில் சொன்னதும், மேன்முறையீட்டுக்கு இடம் வைத்ததும் நல்ல விடயங்களே. என்றாலும் பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்ததை நாடு கண்டது. எழுதி வைத்த கணக்குக்கே இத்தனை மேன்முறையீடு என்றால், தானாகப் பழகும் கணனி நாளை வரும்போது என்ன ஆகும்? ஆகவே, அது வருமுன்னரே வாசலுக்குப் பூட்டுப் போட்டுக்கொள்வது புத்தி.

என்னென்ன பூட்டு? சம்பவங்களைப் பார்த்தால் தாமாகவே விளங்கும்.

முதலாவது, அரசாங்கம் எந்த அலுவலுக்கு எந்தக் கணனி முறையைப் பயன்படுத்துகிறது என்பதைப் பகிரங்கப் பதிவேட்டில் போடவேண்டும். யாரிடம் வாங்கியது, என்ன விலை, எதைப் பார்த்து அது புள்ளி போடுகிறது என்பதும் அதில் இருக்கவேண்டும். நெதர்லாந்து சூடுபட்ட பிறகு, 2022 டிசம்பரில் இப்படியொரு பதிவேட்டைத் திறந்தது.

இரண்டாவது, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதர் பொறுப்பு நிற்கவேண்டும். கணனி சொன்னதை மாற்ற அவருக்கு அதிகாரமும் இருக்கவேண்டும்.

மூன்றாவது, மேன்முறையீடு முடியும்வரை அறவிடக்கூடாது. நெதர்லாந்தில் நீதி வந்து சேர்ந்தபோது பலருக்கு வீடே இருக்கவில்லை.

நான்காவது, எந்த இனம், எந்த ஊர், எந்தச் சமயம் என்பதைப் பார்த்துக் கணனி சந்தேகப்படக்கூடாது. அதை வெளியார் வந்து பரிசோதிக்கவும் வேண்டும். 2024 ஓகஸ்ட்டில் அமுலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், அரச உதவிகளைத் தீர்மானிக்கும் கணனி முறைகளை 'அதிக ஆபத்துள்ளவை' என்ற வகையில் சேர்த்திருக்கிறது.

ஐந்தாவது, உள்ளேயிருந்து உண்மை பேசும் உத்தியோகத்தரைப் பாதுகாக்கவேண்டும். நமது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டத்தில் தகவல் கொடுப்போருக்குப் பாதுகாப்பு உண்டு.

நமக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணனி மாத்திரமே எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையைச் சொல்கிறது. ஆனால், அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டே வந்திருக்கிறது. வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருவோரிடம் பாதையும் லைட்டும் கேட்கிறோம். இதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

நாம் செய்யக்கூடியது

கையில் இப்போதே இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச கந்தோர் ஒன்று உங்களைப் பாதிக்கும் தீர்மானம் எடுத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி நீங்கள் கேட்கலாம். அதன் 35ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் ஒரு கோப்பு வையுங்கள். விண்ணப்பப் பிரதி, பற்றுச்சீட்டு, வந்த கடிதம், போன திகதி, பேசிய உத்தியோகத்தரின் பதவி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். 'அது ஆம்பிளைகள்ற வேலை' என்று விட்டுவிடாதீர்கள். நெதர்லாந்துத் தாய்மார் கைவிடாமல் வைத்திருந்த பற்றுச்சீட்டுகளும் கடிதப் பிரதிகளும் பின்னர் அவர்கள் பக்கச் சாட்சியாயின. வாசிக்கத் தெரியாத அயலவர் ஒருவர் இருந்தால், படித்த உங்கள் மகளை அவரோடு கந்தோருக்கு அனுப்புங்கள். அதுவும் ஒரு படிப்புத்தான்.

"கம்பியூட்டர் அப்படித்தான் சொல்லுது" என்று இனி யாராவது சொன்னால், கோபப்பட வேண்டாம். அந்தத் தம்பியோ தங்கச்சியோ பாவம், அவர்களுக்கும் அது தெரியாது. ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்து, "காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று எழுதி, திகதியும் கையெழுத்தும் இட்டுக் கொடுத்து, பிரதியில் கந்தோர் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்றைக்கு அந்த உம்மாவின் கேள்விக்கு எனக்கு இந்தப் பதில் தெரிந்திருந்தும், வரிசை போய்விடுமே என்று சும்மா நின்றுவிட்டேன். அந்தக் குறை எனக்குள் இருக்கிறது. உங்களுக்கு அப்படியொரு குறை வரவேண்டாம் என்றுதான் இம்மாதம் இதை எழுதினேன்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.